இசைக்கவை வைத்த மேசை

பள்ளிக்கூடத்தில் நான் வெறுத்த சொல் ஒன்று உண்டென்றால் அது 'தொடாதே' என்பதுதான். எங்கள் விஞ்ஞான அறையின் அலுமாரிக் கதவில் அந்தச் சொல்லை ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் எழுதியதென்று தெரியாது. நான் மாற்றலாகி வரும்போதே அட்டை பழுத்துப் போயிருந்தது. உள்ளே நல்ல சாமான்கள் இருந்தன. காந்தங்கள், வில்லைகள், கப்பிகள், தட்டினால் ரீங்கரிக்கிற இசைக்கவைகள் பெரிதும் சிறிதுமாக இரண்டு. கல்வி அதிகாரி வருகிற நாளில் அலுமாரியைத் திறந்து தூசி தட்டுவோம். அவர் போனதும் பூட்டிவிடுவோம். பிள்ளைகள் ஒலியைப் பற்றிப் படித்ததெல்லாம் கரும்பலகையில் நான் கீறிய வளைகோடுகளில்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாவுத் தட்டுப்பாட்டில், ஒரு றாத்தல் பாணுக்கு விடிய எழும்பி வரிசையில் நின்ற காலம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வைப்பதென்று முடிவானபோது, எல்லாச் சாமான்களையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க விடவேண்டும் என்று நான் அதிபரிடம் போய் நின்றேன்.

“உடைச்சுப்போட்டா ஆர் ரீச்சர் பொறுப்பு?” என்றார்.

“நான்தான் சேர்.”

“இப்ப சொல்லுவீங்கள்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கோபம் வந்தால் நான் இடம்விட்டு அசைய மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில், என்னவாவது செய்யுங்கோ என்பதுபோலக் கையை விரித்துவிட்டார். அட்டையை நானே கிழித்தெறிந்தேன்.

அந்த வீம்புக்குப் பின்னால் வேறொரு எரிச்சல் இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். அதே பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் இருந்தாள். அவளுடைய வகுப்பாசிரியை எனக்கு நல்ல சிநேகிதி. சில நாட்களுக்கு முன்தான் இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கதையைத் தொடங்கியிருந்தார்.

“குறை நினைக்காதேங்கோ ரீச்சர். ஒண்டைச் சொன்னா பிள்ளை இன்னொண்டைச் செய்யிறா. வாய்க் கதையும் தெளிவில்லை. அடுத்த வருசமும் என்ரை வகுப்பிலயே இருக்கட்டும். அதுக்குப் பிறகும் இப்பிடியே எண்டால்...”

“எண்டால்?”

“வீட்டில வைச்சிருக்கச் சொல்லித்தான் அதிபர் சேர் சொல்லுவார். போன வருசமும் ஒரு பிள்ளைக்கு அப்பிடித்தானே சொன்னவர்.”

மந்தம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அது எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து குந்திக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்குப் போய் மகளை இருத்தி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ப' என்றால் 'ம' என்றாள். எனக்குப் பொறுமை எப்போதும் கொஞ்சம் குறைவு. கத்தினேன். அவள் அழாமல் என் வாயையே பார்த்தாள். என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்தான் என்னை அப்படிக் கத்த வைத்தது.

ஒரு விடயத்தில் மட்டும் எங்களுக்கு அவளைப் பற்றிப் பெருமை இருந்தது. அது அவளுடைய காது.

நாங்கள் குடியிருந்தது வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பலகை வீடு. குட்டைத் தூண்களின் மேல் நின்றது. தரையும் பலகைதான். என் கணவர் துறைமுக வேலைத்தளத்தில் கறள் தட்டுகிறவர். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, சுற்றிவர இரும்பு நிற்க, தகட்டில் பிடித்த துருக் கறளை நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிற வேலை. அவருடைய தகப்பனும் அதே வேலை செய்து செவிடாகித்தான் செத்தவர். எங்கள் கலியாணத்தின்போதே என் கணவருக்குக் காது பாதி போயிருந்தது. மகள் பிறந்த பிறகு மிச்சமும் போய்விட்டது. கூப்பிட்டுத் தொண்டையை நோகப்பண்ணுவானேன் என்று நான் தரையைக் காலால் மிதிக்கத் தொடங்கினேன். பலகை அதிர்ந்தால் எந்த மூலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். எங்கள் வரிசையில் இருந்த மற்றக் கறள்காரர் வீடுகளிலும் இதுதான் வழக்கம். ஒரு மிதி அவருக்கு. இரண்டு மிதி மகளுக்கு. இரண்டாவது மிதி விழுந்த கையோடு மகள் ஓடி வந்து முன்னால் நிற்பாள்.

பின்னேரங்களில் அவள் கன்னத்தைத் தரைப் பலகையில் வைத்துப் படுத்துக் கிடப்பாள். திடீரென்று எழும்பி “அப்பா” என்று வாசலைக் காட்டுவாள். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எட்டிப் பார்த்தால் அவர் அப்போதுதான் முதற் படியில் காலை வைத்திருப்பார்.

“என்ரை பிள்ளைக்குப் பாம்புச் செவி” என்று அவர் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் அதை நம்பினேன்.

கண்காட்சி நாளன்று மண்டபத்தில் மேசைகளைச் சுற்றிவரப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் அழகான எழுத்தில் விளக்க அட்டை எழுதி வைத்தோம். ஒரு பிள்ளையும் அதை வாசிக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான், இரண்டு இரவு இருந்து எழுதியவள் நான். ஆனால் சிறிது நேரத்தில் அதை மறந்துபோனேன். பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதுமென்று இருந்தது.

முதலில் யாரும் கிட்ட வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார்கள். தொடலாம் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை, அது தங்களைப் பிடிக்கிற பொறி என்று நினைத்திருப்பார்கள். ஒரு தாய் தன் மகனின் கையில் சுள்ளென்று ஒன்று வைத்தாள், அவன் இன்னும் ஒன்றையும் தொட்டிருக்கவில்லை. பிறகு ஒருத்தி காந்தத்தைத் தொட்டாள். அதோடு அணை உடைந்துவிட்டது.

பிள்ளை ஒரு சாமானைத் தொடுகிற விதத்தில் அதன் வீடு தெரியும் என்பதை அன்றுதான் கண்டேன். உப்புவெளியில் கரைவலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள் கப்பி மேசைக்கு வந்தார்கள். கப்பியை அவர்கள் பார்க்கவேயில்லை. கயிற்றின் முடிச்சைத்தான் பார்த்தார்கள். “இது நிக்காது ரீச்சர்” என்று அவிழ்த்து, திரும்பக் கட்டிய பிறகுதான் பாரத்தைத் தூக்கினார்கள். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வந்த பிள்ளைகளில் ஒரு கடைக்காரரின் மகன், எதை எடுத்தாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தான். தையற்காரியின் மகள் காந்தத்தைக் கொண்டுபோய்த் தாயின் சட்டையில் குத்தியிருந்த ஊசியை இழுத்துப் பார்த்தாள். வளைகுழாயால் நீரை இறக்குகிற மேசையில், சாயத் தண்ணீரைக் குடிக்கக் கூடாதென்று சொல்லச் சொல்ல நான்கு பேர் குடித்து நாக்கை நீலமாக்கிக்கொண்டார்கள். பிஸ்கற் ரின்னில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சரித்து வைத்து நான் செய்திருந்த பரிகாட்டியைப் பெரிய வகுப்புப் பெடியன்கள் யன்னலோரம் தூக்கிக்கொண்டுபோய், மதிலுக்கு மேலால் கடற்படை முகாமைப் பார்த்தார்கள். அதிபர் ஓடிவந்து பறித்து வைத்தார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. அந்த நாட்களில் அதுவும் விளையாட்டில் சேர்க்கக்கூடிய காரியமில்லை.

கடைசி மேசை ஒலி. அங்கே இசைக்கவைகள் இரண்டையும், தட்டுவதற்கு ஒரு பழைய றப்பர்ச் செருப்பையும், ஒரு கோப்பைத் தண்ணீரையும் வைத்திருந்தேன். கவையைத் தட்டிக் காதருகே பிடித்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் செய்தார்கள். கழுத்தை வெடுக்கென்று பின்னால் இழுத்தார்கள். பிறகு சிரித்தார்கள். தண்ணீரில் தொட்டால் அது தெறித்தது, மறுபடியும் சிரிப்பு.

முதலாம் வகுப்பு வரிசையாக வந்தது. என் மகளும் வந்தாள். அவளுடைய முறை வந்ததும் மற்றவர்களைப் போலவே தட்டினாள், காதருகே பிடித்தாள். கழுத்தை இழுக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு கணம் பிந்தி. கவையை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். அது காது மடலில் முட்டியது. முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு அவள் செய்ததை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கவையைத் தட்டி, அதன் காம்பை மேசைப் பலகையில் ஊன்றினாள். வீட்டில் தரையில் படுப்பதுபோலவே, குனிந்து கன்னத்தை மேசையில் வைத்தாள்.

அவளுடைய கண்கள் பெரிதாகின. வாய் திறந்தது. கவை அடங்கும்வரை அப்படியே இருந்தாள். நிமிர்ந்து திரும்பத் தட்டிக் காதருகே பிடித்தாள். ஒன்றுமில்லை. மேசையில் ஊன்றிக் கன்னத்தை வைத்தாள். இருந்தது. காதருகே, இல்லை. மேசையில், இருந்தது. அன்று அந்த மண்டபத்துக்கு வந்த அத்தனை பிள்ளைகளிலும் ஒழுங்கான பரிசோதனை செய்தது அவள் ஒருத்திதான். பாம்புச் செவி என்று நாங்கள் சொல்லித் திரிந்தது வெறும் பலகையின் அதிர்வு என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

பின்னால் நின்ற பிள்ளைகள் நெருக்கினார்கள். ஒருத்தி கவையைப் பிடித்து இழுத்தாள். என் மகள் விடவில்லை. வீரிட்டுக் கத்தினாள். வகுப்பாசிரியை ஓடிவந்து, “பாத்தீங்களே ரீச்சர், இந்தப் பிடிவாதத்தைத்தான் சொன்னனான்” என்றார்.

“பிடிவாதம் இல்லை” என்றேன்.

கண்காட்சி முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு முற்றவெளியின் மணலில் நடந்தேன். அவளை முன்னால் நடக்க விட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அவள் குனிந்து ஒரு சிப்பியைப் பொறுக்கினாள். மணலில் காலை ஓங்கி இரண்டு தரம் மிதித்தும் பார்த்தேன். மணல் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்? வழிநெடுக நான் அழுதுகொண்டு போனேன். அவள் முன்னால் போனதால் அதையும் காணவில்லை.

கைக்குழந்தையாக இருக்கும்போது அவளுக்கு இரண்டு காதிலும் மாதக்கணக்கில் சீழ் வடிந்தது. துணியால் துடைத்து, எண்ணெய் காய்ச்சி விட்டு, அது நின்றதும் மறந்துபோனோம். மறதிக்கு உதவியாகப் பலகைத் தரையும் இருந்தது.

கணவரிடம் சொல்வதென்றால் முன்னால் போய் நின்று, வாயைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

“உமக்கென்ன விசரே?” என்றார். “கூப்பிட்டா வாறாள்தானே.”

“நாங்கள் எங்கையப்பா கூப்பிடுறம்? மிதிக்கிறம்.”

“எனக்கும்தான் மிதிக்கிறீர். நான் வாழேல்லையோ? நீர் படிச்சனீர் எண்டதுக்காக எல்லாத்திலயும் நோய் வருத்தம் தேடாதையும்.”

கொழும்பில் காது வைத்தியர் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்றேன். ஏலாது என்றார். நான் இடம்விட்டு அசையாமல் நின்றேன். அதிபரிடம் பலித்த வித்தை இவரிடம் பலிக்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும், பிறகு அவருக்கு நான் இல்லை. அப்படித் திரும்பிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு வருகிற கோபத்தைச் சொல்லி மாளாது.

இரண்டு கிழமைகள் இப்படியே போயின. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, தானாகவே சொன்னார்.

“கொண்டுபோனா அவன் என்ன சொல்லுவான்? தகப்பன்ர தகப்பன் செவிடு, தகப்பன் செவிடு, இப்ப பிள்ளையும் எண்டு சொல்லுவான். அதுக்கு நான் கொழும்பு வரைக்கும் போகவேணுமோ? அது எனக்கு இஞ்ச இருந்தே தெரியும்.”

அப்போதுதான் விளங்கியது. இந்த மனிசன் தன் பிள்ளைக்குத் தானே நஞ்சூட்டியதுபோல நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உங்கள் காதைத் தின்றது சுத்தியல், இரத்தமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அதிபரிடம் கேட்டு இசைக்கவை இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குசினிக்குள் அவரைக் கதிரையில் இருத்தினேன். சின்னக் கவையைத் தட்டி அவருடைய காதருகே பிடித்தேன். தலையை இல்லையென்று ஆட்டினார். காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன்.

“உதறுது” என்றார். “சத்தம் இல்லை.”

பெரிய கவையையும் அழுத்தினேன்.

“அதுவும் உதறுது. ரெண்டும் எனக்கு ஒண்டுதான்.”

பிறகு மகளை அவருக்கு முன்னால் நிறுத்தினேன். பெரியதைத் தட்டி அவளுடைய காதுக்குப் பின்னால் அழுத்தினேன். அவள் கண்களை மூடிக்கொண்டு வாய்க்குள், “ம்ம்ம்” என்று இழுத்தாள். தடித்த, தணிந்த நாதம், கவையின் நாதமேதான். சின்னதை அழுத்தினேன். அவளுடைய குரல் மேலே ஏறி, அதன் நாதத்தைப் பிடித்துக்கொண்டது.

அவருக்கு அது கேட்காது. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறாள்?”

“பாடுறாள். பெரிசுக்குப் பெரிசின்ரை சத்தம், சின்னனுக்குச் சின்னனின்ரை சத்தம்.”

“சரியாவோ?”

“ஓம். அச்சொட்டாச் சரி.”

கவைகளை என்னிடமிருந்து வாங்கினார். எது என்று நான் காணாதபடி மற்றக் கையால் மறைத்து, தானே தட்டி அழுத்தினார். அவள் பாடுவாள், அவர் என்னைப் பார்ப்பார், நான் பெரிசு என்றோ சின்னது என்றோ சொல்வேன், அவர் மறைத்த கையை விலக்கிப் பார்ப்பார். ஒரு தரமும் பிழைக்கவில்லை. உள் நரம்பு நன்றாக இருக்கிறது, வெளியிலிருந்து போகிற வழிதான் கெட்டிருக்கிறது என்று அவருக்கு முன்னால் நின்று சொன்னேன்.

“குழாய்தான் அடைச்சிருக்கு” என்றார்.

“அப்பிடித்தான்.”

கவைகளை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“அப்ப இது என்னட்டையிருந்து போகேல்ல” என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மகள் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்து, இன்னும் தட்டச் சொல்லிக் கேட்டாள்.

கொழும்புக்கு மூன்று பேரும் போனோம். அவருக்கு வேலைத்தளத்தில் பழகிய நல்ல சிங்களம் தெரியும், ஆனால் மறுமொழி கேட்காது. எனக்குக் கேட்கும், விளங்காது. பெரிய ஆசுபத்திரியில் எங்களை அங்குமிங்கும் அலைக்கழித்தார்கள். அவர் கேட்பார், நான் மறுமொழியைக் கேட்டு, அந்தச் சத்தத்தை வாயால் திருப்பி அவருக்குக் காட்டுவேன், அவர் அதை என் வாயிலிருந்து வாசிப்பார். வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது பயணத்துக்கு நாள் கிடைத்தபோது ஊருக்கு ஊர் கலவரக் கதை அடிபட்டது. ரயிலில் யாரும் வாயைத் திறந்து தமிழ் கதைக்கவில்லை. நான் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, அவள் ஏதும் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே போனேன். இடது காதில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வலது காது சரிவராது என்றார்கள். இவருடைய காதையும் பார்க்கலாமே என்று வைத்தியர் சொன்னபோது, என் கணவர் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு வெளியே போய் நின்றார்.

துணிக்கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் அவளுக்கு எல்லாமே சத்தம். கோப்பை வைத்தால் துள்ளினாள். காகத்துக்கு அழுதாள். ஒரு நாள் விடிய அவர் வழக்கம்போல அவளைக் கூப்பிடத் தரையை இரண்டு தரம் மிதித்தார். அவள் இடது காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அதற்குப் பிறகு அவர் அவளுக்கு மிதிக்கவில்லை. தேடிக்கொண்டு நடந்து போவார்.

அவள் இரண்டாம் வகுப்புக்கு ஏறினாள். பேச்சுத் தெளிந்தது. அதற்காக நான் படாத சந்தோசமில்லை. ஆனாலும் ஒரு பின்னேரம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அவர் முற்றத்து மணலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து படியில் நின்று, “அப்பா” என்றாள். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. அவர் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் பலமாக, “அப்பா” என்றாள். பிறகும் ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். அவளுடைய முகம் அன்று அந்த மேசையில் கவையைக் காதருகே பிடித்தபோது இருந்ததுபோல இருந்தது.

“அம்மா, அப்பாவுக்குக் காது கேக்காதோ?”

ஆறு வருடம் ஒரே தரையில் வாழ்ந்தவளுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

“போய்த் தொடு” என்றேன்.